பப்பாளியைக் காத்த வைரஸ் மரபணு

அமெரிக்காவின் ஹவாய் தீவில் பப்பாளி மிகுதியாக விளையும் பூனா பகுதியில் 1992-ஆம் ஆண்டு வளையப்புள்ளி வைரஸ் பரவியது. அசுவினிப் பூச்சிகள் பரப்பும் இந்நோய்க்கு மருந்து இல்லை. தாக்குண்ட மரங்களை வெட்டி அழிக்க நேர்ந்தது.

விஞ்ஞானி டென்னிஸ் கொன்சால்வெஸ் குழுவினர், அதே வைரஸின் உறைப் புரத மரபணுவைப் பப்பாளியில் செலுத்தி உருவாக்கிய 'ரெயின்போ' ரகம் 1998-இல் விவசாயிகளுக்குக் கிடைத்தது.

நோயைத் தடுப்பது அந்தப் புரதம் என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. உண்மையில், செலுத்திய மரபணுவிலிருந்து உருவாகும் ஆர்என்ஏ-வைத் தாவரச் செல் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. வைரஸ் நுழைந்ததும் அத்துண்டுகள் அதன் ஆர்என்ஏ-வை அடையாளம் காட்ட, செல் அதையும் சிதைத்துவிடுகிறது. இதைத் தடுப்பூசியுடன் ஒப்பிடுவதுண்டு. ஆனால், தாவரத்தில் எதிர்ப்பொருள் ஏதும் உருவாவதில்லை.

இரு ஆர்என்ஏ-க்களின் வரிசையும் பெரிதும் ஒத்திருந்தால்தான் இப்பாதுகாப்பு கிட்டும். ஹவாயில் பலன் தந்த ரெயின்போ, தைவான், தாய்லாந்து வைரஸ் வகைகளுக்குச் சோதனைகளில் ஈடுகொடுக்கவில்லை.