கோதுமையும் கொப்புளமும்

1884 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே லூயி டூரிங் என்னுந் தோல் வைத்தியர் ஒரு நோயைப் பிற நோய்களினின்றும் பிரித்து விவரித்தார். முழங்கை, முழங்கால், பிருட்டம், தலை ஆகிய இடங்களில், உடலின் இருபுறமும் ஒத்தவாறு, சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகத் தோன்றும். தினவோ தாங்கொணாதது. சொறிந்து சொறிந்து, வைத்தியரிடம் வரும்போது கொப்புளங்கள் உடைந்து புண்ணாகவே இருக்கும். டெர்மற்றைற்றிஸ் ஹெர்பெற்றிபோர்மிஸ் என்று அவர் அதற்குப் பெயரிட்டார். அக்கியை நினைவூட்டும் பெயரெனினும், அக்கிக்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை.

நான்கு ஆண்டுகளின் பின், 1888 இல், இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ மற்றொரு நோயைப் பற்றி எழுதினார். வயிறு உப்பி, உடல் மெலிந்து, ஓயாத கழிச்சலால் வாடும் குழந்தைகளின் நோய் அது. சீலியாக் நோய் எனப்படுவது. குணமாக்க இயலுமாயின் அஃது உணவினாலேயே இயலும் என்று அவர் சரியாகவே கண்டார். எந்த உணவு என்பதிலேதான் தவறினார். அவர் சோற்றை விலக்கினார். மெல்லியதாக வெட்டி இருபுறமும் வாட்டிய பாணை அனுமதித்தார்! அவர் கண்ட குழந்தையொன்று நாள்தோறும் மட்டி உண்டு தேறியது. மட்டிக் காலம் முடிந்ததும் மீண்டும் நோயுற்றது. அடுத்த பருவத்தில் மட்டியை அது தொடவே மறுத்துவிட்டதாம்.

குற்றவாளி கோதுமையே என்பதை நிறுவியவர் ஒல்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் மேற்கு ஒல்லாந்து பஞ்சத்தில் வாடியது. மக்கள் ரியூலிப் பூக்கிழங்கையும் உண்டனர். ஊரெல்லாம் பசியால் மெலிய, பாண் கிடையாத அந்நாட்களில் இக்குழந்தைகள் தேறினர். பாண் மீண்டும் வரவே நோயும் வந்தது. 1950 இல் யூத்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் டிக்கே இதனை விளக்கினார். கோதுமையிலுள்ள குளுட்டன் என்னும் புரதமே கேடு செய்வது என்பது விரைவிலே தெளிவாயிற்று.

தோல் வைத்தியர்கள் இதனைக் கவனிக்கவில்லை. கவனிக்கக் காரணமும் இருக்கவில்லை. அவர்களின் நோயாளிகளிற் பெரும்பாலானோர்க்கு வயிற்று நோவே இல்லை. அன்றியும், 1950களில் அவர்கள் கையில் வலிய மருந்தொன்று இருந்தது. தொழுநோய்க்கு வழங்கிய டாப்சோன் குளிசை, இத்தினவை ஓரிரு நாட்களிலே அடக்கிற்று. இவ்வளவு விரைவில் அடங்கும் நோய்க்கு வேறு காரணத்தை யார் தேடுவார்?

1966 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜனற் மார்க்ஸ், சாம் ஷூஸ்டர் முதலியோர் இத்தோல் நோயாளரின் சிறுகுடலிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதித்தனர். சீலியாக் நோயாளர் குடலிற் காணும் அதே சிதைவு பலரிடம் காணப்பட்டது. இரு நோய்களும் அறியாமலிருந்த உறவு எண்பத்திரண்டு ஆண்டுகளின் பின் வெளிப்பட்டது. டிக்கே அதனை அறியவில்லை. அவர் 1962 இலே காலமாகிவிட்டார்.

குளிசை தினவை அடக்கியதே தவிர, குடலைக் குணமாக்கவில்லை. செங்குழியங்களை அது சிதைப்பதுமுண்டு. ஆதலால் குருதியை அடிக்கடி சோதிக்கவும் வேண்டும். 1973 இல் இலண்டனில் லயனல் பிரையும் அவர்தம் உடனாய்வாளரும், குளுட்டனை நீக்கிய உணவினாலே தோல் தெளிவதைக் காட்டினர்.

ஆனால் உணவு வழி மிக மெதுவானது. நோயாளரின் தோலில் ஐ.ஜி.ஏ. என்னும் பிறபொருளெதிரி படிந்திருப்பதை 1969 இலேயே ஒல்லாந்தர் கண்டிருந்தனர். தோலிலுள்ள ட்ரான்ஸ்குளூட்டமினேஸ் வகை நொதியமொன்றையே அது தாக்குகிறது என்பது 2002 இல் தெரியவந்தது. அப்படிவு கரையப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே, முதற்கண் டாப்சோனும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்தே தொடங்கப்படுகின்றன. மாதங்கள், சிலவேளை ஈராண்டுகள் சென்றபின்னரே குளிசையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடிகிறது. உணவுக் கட்டுப்பாடோ ஆயுள் முழுவதும் வேண்டும். கோதுமையோடு வாற்கோதுமையும் றை என்னும் தானியமும் விலக்கத்தக்கவை. அரிசியிலும் குரக்கனிலும் இக்குளுட்டன் இல்லை. எனினும் சோறுண்பவரும் கவலையற்றிருக்க இயலாது: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலே கோதுமை மா பெரும்பாலும் கலந்திருக்கிறது.