எண் அழிந்த சிலிண்டர் ஹெட்டை அடையாளம் காணுதல்

முதல் ஏடும் கடைசி ஏடும் இல்லாத சுவடி கிடைத்தால், உள்ளே இருக்கும் சான்றுகளைக் கொண்டே அது எந்த நூல் என்று பதிப்பாசிரியர் தீர்மானிப்பார். பழைய டிராக்டர்களைச் செப்பனிடுகிறவர்களுக்கும் இதே வேலை உண்டு. வார்ப்பு எண் துருப்பிடித்து அழிந்த சிலிண்டர் ஹெட் எந்த என்ஜினுக்கு உரியது என்று எப்படி அறிவது?

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை தயாராகி, ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரை எடுத்துக்கொள்வோம். இதில் பெட்ரோல் வகையும் டீசல் வகையும் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த டி.வி.ஓ. என்ற எரிபொருளுக்கு மாற்றி ஓட்டும் வகையும் உண்டு. டி.வி.ஓ. மலிவு, ஆனால் அதிக அழுத்தத்தில் தானே வெடித்து 'நாக்கிங்' தரும். ஆகவே அந்த வகையின் அழுத்த விகிதம் ஏறக்குறைய 4.5, பெட்ரோலுக்கோ 6-க்கு அருகில்.

மேனிஃபோல்டையும் டாங்கையும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அவற்றை எளிதில் மாற்றிவிடலாம். செய்ய வேண்டியவை இவை:

1. சரியான கேஸ்கட்டை ஹெட்டின் மேல் வைத்து, போல்ட் துளைகளும் நீர்வழிகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

2. சிலிண்டர் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். இதே டிராக்டரின் ஸ்டாண்டர்ட் பெட்ரோல் என்ஜின் முதலில் 80 மி.மீ., பிறகு 85 மி.மீ. விட்டத்தில் வந்தது. பிஸ்டன் ஓட்டம் இரண்டிலும் 92 மி.மீ. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு முறையே 462, 522 கன செ.மீ.

3. வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பில் கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட அக்ரிலிக் தகட்டால் எரியறையை மூடுங்கள். பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைக் குமிழி இல்லாமல் நிரப்பினால் எரியறையின் கன அளவு தெரியும்.

4. அதனுடன் கேஸ்கட்டின் கனத்தால் வரும் இடத்தையும், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் மேல் எஞ்சும் இடத்தையும் கூட்டுங்கள். 80 மி.மீ. என்ஜினில் மொத்தம் 92 வந்தால் விகிதம் 6. 132 வந்தால் 4.5. விட்டத்தைத் தவறாகக் கொண்டால் இந்தக் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

நான்கு அறைகளும் ஒரே அளவு காட்டாவிட்டால், ஹெட்டை யாரோ கோணலாகச் சீவியிருக்கக்கூடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? டி.வி.ஓ. ஹெட்டைப் போட்டுப் பெட்ரோலில் ஓட்டினால் சக்தி குறையும், எரிபொருள் வீணாகும்; அவ்வளவுதான். பெட்ரோல் ஹெட்டை மாட்டி, மண்ணெண்ணெய்க் கலவையில் சுமை இழுத்தால் பிஸ்டன் தலையே உடையக்கூடும். டி.வி.ஓ. விற்பனை பிரிட்டனில் 1974-இல் நின்றது. ஆர்வலர்கள் இன்று தாங்களே கலந்துகொள்கிறார்கள். எவ்வளவு பெட்ரோல் கலப்பது என்பது ஹெட்டைத் தெரிந்துகொண்ட பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

எண் தெளிவாக இருக்கும் ஹெட்டையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. சீவப்பட்ட ஹெட்டிலும் பழைய எண் அப்படியேதான் இருக்கும்.