மூன்றாம் பிரகாரத்துக்கு வீட்டு வரி உண்டா?

பொட்டி தட்டுற நமக்கெல்லாம் பட்ஜெட்னா டெல்லியில வாசிக்கிறதுதான். வருமான வரி மாறிச்சான்னு பாத்துட்டு சேனலை மாத்திடுவோம். நம்ம தெரு சாக்கடையை அள்ளுற காசு எங்கேருந்து வருதுன்னு யாரும் கேக்கறதில்லை. எங்க பக்கத்து ராமேஸ்வரத்தை வெச்சு அதைக் கொஞ்சம் நோண்டினேன். வரலாறு பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க :)

தமிழ்நாட்டு நகராட்சிகளில் பணத்தைத் தனித்தனிப் பையில் போட்டு வைப்பார்கள். குடிநீர், வடிகாலுக்கு ஒரு நிதி. தொடக்கக் கல்விக்கு ஒரு நிதி. ரெண்டிலும் வேறு வேலைக்குக் கை வைக்கக் கூடாது. மிச்ச எல்லாத்துக்கும், அதாவது தெருவிளக்கு, குப்பை, ரோடு, சம்பளத்துக்கு, வருவாய் நிதி என்கிற பொதுப் பை. அதை நிரப்புறதுல முக்கியமானது சொத்து வரி.

இங்கதான் ராமேஸ்வரம் மாட்டிக்குது. 2023 வரைக்கும் இருந்த 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி வழிபாட்டுத் தலத்துக்குச் சொத்து வரி கிடையாதுன்னு இருந்துச்சு. வாடகை வாங்காத சத்திரத்துக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கோயில் விலக்கு இன்னிக்கும் இருக்கு. ரயில்வே மத்திய அரசு சொத்து, அரசியல் சாசனம் 285-ஆவது பிரிவு அதைக் காப்பாத்துது. கோயிலையும் சத்திரத்தையும் ரயில்வேயையும் கழிச்சா அந்த ஊர்ல என்னய்யா மிஞ்சும்? மீன்பிடிக்கிறவங்க வீடு, சங்குக் கடை, லாட்ஜ். காசியிலிருந்து வந்து அக்னி தீர்த்தத்துல முங்கி, கோயிலுக்குள்ள 22 தீர்த்தமும் ஆடிட்டுப் போறவர் விட்டுட்டுப் போற குப்பைக்கு இவங்கதான் வரி கட்டணும்.

சேதுபதிகள் காலத்துல இந்தத் தலைவலி இல்லை. ஏன்னா பொதுப் பையே இல்லை. கோயில் கட்டளையோ சத்திரமோ, கூடவே ஒரு ஊரை எழுதி வெச்சுடுவாங்க. எஸ்.எம்.கமால் தொகுத்த சேதுபதி செப்பேடுகள் பூரா இப்படித்தான். நம்ம பாஷையில சொன்னா எல்லாமே ஹார்ட்கோட். காசு வரும்போதே போற இடம் எழுதித்தான் வரும். அழகான ஏற்பாடு, ராமநாதபுரத்து வானம் ஒழுங்கா பெய்யற வரைக்கும்! எழுதி வெச்ச ஊர் காஞ்சு போச்சுன்னா அந்தச் சத்திரத்து அடுப்பும் காஞ்சுதான் கிடக்கணும்.

1803-ல் கம்பெனி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன் சனது கொடுத்தது. அதுக்கப்புறம் முதல் செலவு பேஷ்குஷ். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதே தொகை. தானதர்மம் எல்லாம் அது போக மிஞ்சினதில்தான். மிஞ்சாமலே கொடுத்தவர் பாஸ்கர சேதுபதி. 1889-ல் பொறுப்புக்கு வந்தார், விவேகானந்தரைச் சிகாகோ போகத் தூண்டினார், கொடுத்துக் கொடுத்தே கடனில் மூழ்கி 1903-ல் 35 வயசில் போய்ச் சேர்ந்தார். பெரிய மனுஷன், சந்தேகமே இல்லை. ஆனா எங்க ஊருக்கு அவரை நிதி மந்திரியா போட மாட்டேன்.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். அடுத்த வருஷம் சமஸ்தானம் அரசு கைக்குப் போச்சு. சுதந்திரத்தை ஒட்டி ராமேஸ்வரம் பஞ்சாயத்து போர்டுக்குத் தலைவரா வந்தவர் அப்துல் கலாமோட அப்பா ஜைனுலாப்தீன். யாரோ கொண்டுவந்த அன்பளிப்பை வாங்கி வெச்சதுக்காக அவர்கிட்ட அடி வாங்கின கதையைக் கலாமே பல மேடையில சொல்லியிருக்கார். தலைவர் கை சுத்தம், சரி. வர்ற ஜனத்துக்கு யார் செலவு பண்றது?

1956-ல் யாத்திரைத் தலங்களுக்கு ரயிலில் வர்றவங்ககிட்ட டிக்கெட்டோட சேர்த்து ஒரு வரி வாங்க நாடாளுமன்றம் சட்டமே போட்டுச்சு. யோசனை நல்ல யோசனை. ஆனா 1988-ல் பாம்பன் ரோடு பாலம் திறந்தாச்சு. பஸ்ஸிலும் காரிலும் வர்றவரை ரயில் டிக்கெட் எப்படிப் பிடிக்கும்?

இப்போ கை கொடுக்கிறது மாநில நிதி ஆணையத்தின் பங்கு. மாநில அரசின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வருது. பங்கு பிரிக்கிறது பெரும்பாலும் மக்கள்தொகையை வெச்சு. அங்க எண்ணுறது ஊர்க்காரன் தலையை மட்டும்தான். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடற்கரையில நிக்குதே ஒரு கூட்டம், அது கணக்கில் கிடையாது. ராமேஸ்வரம் மாதிரி ஊருக்கு அந்தத் தலைகளையும் ஒரு பங்காவது எண்ணணும்ங்கறது என் கட்சி. வேளாங்கண்ணி, நாகூர்க்காரங்க யாராச்சும் இருந்தா உங்க ஊர்க் கதையையும் சொல்லுங்கப்பு.