கடாரத்துக் கற்படிகளை நோக்கி...



பெம்பானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு வரலாறு என்றால் பால்மரமும் லயத்து வீடுகளுமே. அதில் வியப்பில்லை. 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களை நம்பியே நம்மில் பலரின் பாட்டன்மார் கப்பலேறி வந்தனர். இன்று பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது.

வகுப்பில் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்தான். “சார், ரப்பருக்கு முன்னாடி இந்த நாட்டுல நம்மவங்க யாருமே இல்லையா?” என்று கேட்டான். மலாக்கா நகரில் செட்டிகள் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தைச் சொன்னேன். “அதுக்கும் முன்னாடி?” என்றான். அந்தக் கேள்விக்கு வகுப்பறையிலேயே விடை கூறிவிட மனம் வரவில்லை. கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கிற்கு ஒரு கல்விப் பயணம் செல்லும் எண்ணம் அன்றே உதித்தது.

மெர்போக் இங்கிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர். வெள்ளி இரவு பேருந்து ஏறினால், விடியலில் சுங்கைப் பட்டாணியில் பசியாறிவிட்டு, வெயில் ஏறும் முன்னர் தொல்பொருட்காட்சியகத்தை அடையலாம். மழை குறைந்த பிப்ரவரி மாதமே ஏற்றது. ஜெராய் மலையின் உச்சிக்கே செல்லலாமே என்றார் சக ஆசிரியர் ஒருவர். அது 1,217 மீட்டர் உயரம். பழங்கால மாலுமிகளுக்குக் கடலிலிருந்தே அடையாளம் காட்டிய மலை. ஆயினும், பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அடிவாரத்துச் சிறு நடையே போதும் என முடிவு செய்தோம். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர், வழிகாட்ட ஒருவர், ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர்ப் புட்டியும் குறிப்பேடும்.

நடையின் இலக்கு புக்கிட் பத்து பஹாட் சண்டி. உளியால் செதுக்கிய கல் உள்ள குன்று என்பது அந்த மலாய்ப் பெயரின் பொருள். ஓடையை ஒட்டி அமைந்த இச்சிவாலயத்தை 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தார். 1959-60இல் அலஸ்டேர் லேம்ப் தலைமையில் கற்கள் மீண்டும் அடுக்கப்பட்டன. 1980இல் திறக்கப்பட்ட காட்சியகத்தின் வளாகத்திலேயே இது உள்ளது. வேறிடங்களில் கண்டெடுத்த புக்கிட் பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் சண்டிகளும் அங்கே கொண்டுவந்து நிறுவப்பட்டுள்ளன.

மாணவர்களுக்கு ஒரே ஒரு வினாவைக் கொடுக்க எண்ணியுள்ளேன்: “இக்கோயிலின் கூரை எங்கே?” கருவறை அமைந்த விமானமும் முன்மண்டபமும் நம் கோயில்களையே நினைவூட்டும். ஆனால் மண்டபத்தில் கல்தூண் இல்லை. தூண் நிறுத்தும் கல் அடித்தளங்களே உள்ளன. அவற்றின்மீது மரத்தூண்கள் நின்றன. மேலே இலகுவான கூரை இருந்திருக்க வேண்டும். மரமும் கூரையும் மக்கிப்போயின, கல் நிலைத்தது. வழிபாடும் அமைப்பு முறையும் கடல் கடந்து வந்தவை. மரவேலையோ இம்மண்ணுக்கு உரியது.

இங்கே என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். முதலில் எழுதிய விளக்கக் குறிப்பில், “சோழன் வென்று ஆண்ட மண்” என்றே தலைப்பிட்டிருந்தேன். படிக்கப் படிக்கத் தயக்கம் வந்தது. முதலாம் இராசேந்திரன் 1025இல் கடற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கியதும், அதன் அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததும் தஞ்சைக் கல்வெட்டு கூறும் செய்திகள். அது படையெடுப்பு, நிலையான ஆட்சி அன்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, கடாரத்து மன்னன் எழுப்பிய நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்திருக்கிறான். போருக்கு முன்பே உறவு இருந்தது. பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்துள்ளன. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வு இரும்பு உருக்கிய உலைக்களங்களைக் காட்டியது. பல இனத்தாரும் வந்து கலந்த துறைமுகம் அது. நாமும் அவருள் ஒருவராய் இருந்தோம். அந்தத் தலைப்பை அடித்துவிட்டேன். பிள்ளைகளுக்குப் பொய்ப் பெருமை வேண்டாம். உண்மையே போதுமான பெருமை.

பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. 2013இன் இறுதியில், பீடோங் அருகே பதினோராம் எண் சண்டி மேம்பாட்டுப் பணிக்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளிவந்தது. அது தனியார் நிலம். வரலாற்றிடமாக அரசிதழில் பதிவாகவில்லை. ஆயிரம் ஆண்டு மழைக்கும் வேருக்கும் ஈடுகொடுத்த கட்டடம், கேட்பாரின்றி மண்ணானது. நாடு முழுவதும் கண்டனக் குரல் எழுந்தது. ஆயினும் இடித்த பின்னரே எழுந்தது. போய்ப் பார்த்தவர்களுக்கே இழப்பின் அளவு தெரியும். நாற்பது பிள்ளைகள் அந்தக் கற்படிகளில் அமர்ந்து எழுந்தால், நாளை அவற்றுக்காகப் பேச நாற்பது பேர் இருப்பர்.

கேள்வி கேட்ட மாணவனுக்குப் பேருந்தில் முன்னிருக்கை ஒதுக்கிவிட்டேன். அவனுடைய தாத்தாவும் உடன் வர விரும்புகிறார். பால்மரம் வெட்டிய கை அந்தப் பழங்கல்லைத் தொடும்போது அருகில் நிற்க ஆசை.

தென்மாநிலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, தொலைவு என்று தயங்காதீர்கள். ஓர் இரவுப் பயணம்தான்.