முத்தையா முரளிதரனின் துடுப்பாட்டச் சாதனைகள்

முத்தையா முரளிதரன் (பிறப்பு: ஏப்ரல் 17, 1972, கண்டி) இலங்கைத் துடுப்பாட்ட அணியின் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் ஆவார். மலையகத் தமிழர் குடும்பத்தில் பிறந்த இவர், கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் கல்வி கற்றார். தேர்வுப் போட்டிகளில் 800 விக்கெட்டுகளையும், ஒருநாள் பன்னாட்டுப் போட்டிகளில் 534 விக்கெட்டுகளையும் வீழ்த்தியுள்ளார். இவ்விரு வகைப் போட்டிகளிலும் உலகில் மிக அதிக விக்கெட்டுகளை வீழ்த்தியவர் இவரே. 1996 இல் உலகக்கிண்ணத்தை வென்ற இலங்கை அணியிலும் இடம்பெற்றிருந்தார்.

தேர்வுப் போட்டிகள்

1992 ஆகத்து 28 அன்று கொழும்பில் ஆத்திரேலிய அணிக்கு எதிராகத் தமது முதலாவது தேர்வுப் போட்டியில் விளையாடத் தொடங்கினார்.

போட்டிகள்: 133
வீசிய பந்துகள்: 44,039
கொடுத்த ஓட்டங்கள்: 18,180
விக்கெட்டுகள்: 800
பந்துவீச்சுச் சராசரி: 22.72
ஓர் ஆட்டப்பகுதியில் 5 விக்கெட்டுகள்: 67 தடவைகள்
ஒரு போட்டியில் 10 விக்கெட்டுகள்: 22 தடவைகள்
ஆட்டப்பகுதியில் சிறந்த பந்துவீச்சு: 9/51 (சிம்பாப்வே, கண்டி, 2002)
போட்டியில் சிறந்த பந்துவீச்சு: 16/220 (இங்கிலாந்து, ஓவல், 1998)

800 விக்கெட்டுகளுள் ஐந்து, 2005 இல் சிட்னியில் உலக அணிக்காக விளையாடிப் பெற்றவை. தமது காலத்தில் தேர்வுத் தகுதி பெற்றிருந்த ஏனைய ஒன்பது நாடுகளுக்கு எதிராகவும் ஒரே போட்டியில் 10 விக்கெட்டுகளை வீழ்த்திய ஒரே வீரர் இவரே. இவரது பந்துவீச்சில் மகேல ஜயவர்தன 77 பிடிகளை எடுத்துள்ளார்.

2007 திசம்பர் 3 அன்று கண்டியில் இங்கிலாந்தின் பௌல் கொலிங்வுட்டை ஆட்டமிழக்கச் செய்து, ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகள் என்ற சாதனையைக் கடந்தார்.

எண்ணூறாவது விக்கெட்டு

2010 சூலையில் காலியில் நடைபெற்ற இந்தியாவுக்கு எதிரான போட்டியே தமது இறுதித் தேர்வுப் போட்டி என முரளிதரன் முன்னதாகவே அறிவித்திருந்தார். அப்போது அவரிடம் இருந்தவை 792 விக்கெட்டுகள். முதல் ஆட்டப்பகுதியில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். இரண்டாவது ஆட்டப்பகுதியில் இந்திய அணியின் ஒன்பதாவது விக்கெட்டு வீழ்ந்தபோது அவருக்கு இன்னும் ஒன்று தேவைப்பட்டது. எஞ்சியிருந்த அந்த இறுதி விக்கெட்டையும் அவரே பெற்றார். பிரக்யான் ஓஜா அடித்த பந்தை ஜயவர்தன பிடித்தார். இலங்கை 10 விக்கெட்டுகளால் வென்றது.

ஒருநாள் பன்னாட்டுப் போட்டிகள்

350 போட்டிகளில் 23.08 என்ற சராசரியில் 534 விக்கெட்டுகளைப் பெற்றார். 2000 ஆம் ஆண்டு சார்ஜாவில் இந்தியாவுக்கு எதிராக 30 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தியது இவரது சிறந்த பந்துவீச்சாகும். வசீம் அக்ரமின் 502 விக்கெட்டுகள் என்ற சாதனையை 2009 பெப்ரவரியில் கடந்தார். 2011 உலகக்கிண்ண இறுதிப் போட்டியுடன் ஒருநாள் போட்டிகளிலிருந்து விலகினார்.

பந்துவீச்சு முறை குறித்த சர்ச்சை

1995 திசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டாரல் ஹேர், முரளிதரன் பந்தை எறிகிறார் எனக் கருதி ஏழு தடவைகள் முறையற்ற பந்து என அறிவித்தார். பிறவியிலேயே இவரது முழங்கையை முழுமையாக நீட்ட இயலாது என்பது மருத்துவ ஆய்வுகளில் தெரியவந்தது. 2004 இல் இவரது தூஸ்ரா வகைப் பந்து குறித்து மீண்டும் முறையிடப்பட்டது. பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கை ஓரளவு நீளவே செய்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியதை அடுத்து, 2005 மார்ச்சு முதல் அனைவருக்கும் 15 பாகை வரை அனுமதிக்கப்பட்டது.

புள்ளிவிவரங்களின் மதிப்பீடு

இவரது விக்கெட்டுகளுள் 176, வலிமை குறைந்தவையாகக் கருதப்பட்ட வங்காளதேசம் (89), சிம்பாப்வே (87) ஆகிய அணிகளுக்கு எதிரானவை என்பது விமர்சகர்கள் கூறும் குறையாகும். அவற்றை நீக்கினாலும் 108 போட்டிகளில் 624 விக்கெட்டுகள் எஞ்சும்; அதாவது போட்டிக்கு ஏறத்தாழ 5.8. இதே முறையில் கணக்கிட்டால் வோர்னுக்கு 142 போட்டிகளில் 691 விக்கெட்டுகள், அதாவது போட்டிக்கு 4.9 கிடைக்கும். மறுபுறம், முரளிதரன் இலங்கை மண்ணில் 73 போட்டிகளில் 493 விக்கெட்டுகளை 19.56 சராசரியில் பெற்றார். ஆத்திரேலிய மண்ணில் இலங்கை அணிக்காகவும் உலக அணிக்காகவும் ஆடிய போட்டிகளில் அவரால் அத்தகைய வெற்றியைப் பெற இயலவில்லை.

தேர்வுப் போட்டிகளில் கூடிய விக்கெட்டுகள்

முத்தையா முரளிதரன் (இலங்கை): 800
ஷேன் வோர்ன் (ஆத்திரேலியா): 708
ஜேம்ஸ் அண்டர்சன் (இங்கிலாந்து): 704
அனில் கும்ப்ளே (இந்தியா): 619
ஸ்டுவர்ட் பிராட் (இங்கிலாந்து): 604

2024 இல் ஓய்வுபெற்ற அண்டர்சன் 188 போட்டிகளில் விளையாடியவர். முரளிதரனை விட 55 போட்டிகள் கூடுதலாக ஆடியும் 96 விக்கெட்டுகள் பின்தங்கியே உள்ளார்.