நெட்வொர்க் ஃபைலுக்கு லீஸ் கேட்டால் லினக்ஸ் 'முடியாது' என்பது ஏன்?

லினக்ஸில் ஒரு ஃபைலை உங்க புரோகிராம் 'லீஸ்' எடுக்கலாம். அதன் பிறகு வேறு புரோகிராம் அதில் எழுத வந்தால், கெர்னல் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டு உங்களுக்கு சிக்னல் கொடுக்கும். ஒதுங்கிக்கொள்ள வழக்கமாக 45 விநாடி அவகாசம். சிக்னல் வராத வரை, மெமரியில் இருக்கும் நகலையே நம்பி வாசிக்கலாம்.

ஃபைல் வேறொரு சர்வரில் இருந்தால்? உங்க கெர்னலுக்கு உங்க மெஷினில் நடப்பது மட்டும்தான் தெரியும். பக்கத்து டேபிள் லேப்டாப்பில் இருந்து யாரோ ஃபைலை மாற்றினால் சிக்னலே வராது. நீங்க பழைய தகவலை வாசித்துக்கொண்டே இருப்பீங்க. எரர் இல்லை, லாகிலும் ஒன்றும் இருக்காது. பொய்யான 'சரி'யைவிட நேரடியான 'முடியாது' எவ்வளவோ மேல்.

ஆனால், ஃபைல்சிஸ்டம் எழுதியவர் லீஸ் பற்றி எதுவும் சொல்லாவிட்டால், லோக்கல் லீஸைக் கொடுத்துவிடுவதுதான் கெர்னலின் நெடுநாள் பழக்கமாக இருந்தது (விசித்திரமான பழக்கம்தான்). அதனால் மறுப்பைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. என்எஃப்எஸ், ஜிஎஃப்எஸ்2 இரண்டும் தனித்தனியாக வைத்திருந்த மறுப்பு கோடு, 2014இல் 'சிம்பிள்_நோசெட்லீஸ்' என்ற ஒரே பொது ஃபங்ஷனாக மாறியது. 'இ-இன்வால்' எரரைத் திருப்பி அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. செஃப், 9பி ஃபைல்சிஸ்டம்களும் இதைப் பயன்படுத்தின.

என்எஃப்எஸ் 4, எஸ்எம்பி கதை வேறு. அங்கே மாற்றம் வந்தால் சொல்கிறேன் என்று சர்வரே வாக்குக் கொடுக்க முடியும். அது கையில் இருந்தால் லீஸ் கிடைக்கும். இல்லாவிட்டால் 'இ-அகெய்ன்' எரர்.

இரண்டையும் ஒன்றாக நினைச்சுடாதீங்க. 'இ-அகெய்ன்' வந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கலாம். 'இ-இன்வால்' வந்தால் எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். லீஸை மறந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஃபைலைப் புதிதாகத் திறந்து வாசிக்கணும்.