சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது? – கொட்டகையிலிருந்து நம் வீட்டு ஹால் வரை



தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், "சார், குறைஞ்ச செலவுல ஹோம் தியேட்டர் வைக்கணும், என்ன பண்ணலாம்?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். நான் கடைக்காரன் இல்லை, வாத்தியார். அதனால் வரலாற்றிலிருந்துதான் தொடங்குவேன். வழியும் கடைசியில் சொல்கிறேன்.

1931 அக்டோபர் 31-ல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' சென்னையில் வெளியானது. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஆலன் புளூம்லீன் என்ற பொறியாளர், படம் பார்க்கும்போது ஒரு குறை கண்டார். நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்கிறார், குரலோ வேறு இடத்திலிருந்து வருகிறது. சத்தம் ஆளோடு நகர வேண்டாமா என்று யோசித்தார். டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதுதான் ஸ்டீரியோவின் தொடக்கம். நம் படங்கள் பேசத் தொடங்கிய ஆண்டிலேயே இந்தக் கேள்வியும் பிறந்துவிட்டது.

1940-ல் வால்ட் டிஸ்னி 'ஃபேண்டேசியா' படத்துக்காக அரங்கைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்தார். செலவு தாங்காமல் அது பரவவில்லை. நம் டூரிங் கொட்டகைகளில் மணலில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் ஒரே திசைச் சத்தம்தான்.

அடுத்த பெயர் ரே டால்பி. இந்த அமெரிக்கர் 1963 முதல் 1965 வரை நம் நாட்டில், சண்டிகரில், ஐ.நா. ஆலோசகராக வேலை பார்த்தவர். இங்கிருந்து லண்டன் போய் 1965-ல் டால்பி நிறுவனத்தைத் தொடங்கினார். டேப்பில் வரும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் குறைத்ததுதான் அந்த நிறுவனத்தின் முதல் சாதனை. சுற்றுச் சத்தம் பிறகு வந்தது.

தமிழில் 1986-ல் 'மாவீரன்' 70 எம்.எம். திரையில் ஆறு டிராக் ஒலியோடு வந்தது. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவிலும், 1996-ல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸிலும் வந்தன. டிடிஎஸ்ஸில் ஒலி பிலிமில் இருக்காது, தனி சி.டி.யில் இருக்கும். பிலிமில் உள்ள நேரக்குறியைப் பார்த்து சி.டி. ஓடும்.

இதெல்லாம் தியேட்டர் கதை. வீட்டில் நம் ஆட்கள் செய்ததும் வரலாறுதான். மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்து பேஸ் வரவழைத்தார்கள். ரேடியோ மெக்கானிக்குகள் 4440 ஐ.சி. போட்டு ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்தார்கள். இதைவிடச் சுலபமான வழியை 1970 வாக்கில் டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்கர் பரப்பினார். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் இடது, வலது இரண்டு பாசிட்டிவ் முனைகளுக்கு நடுவே மூன்றாவது ஸ்பீக்கரை இணைத்துப் பின்பக்கம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கும் வசனம் கழிந்துபோகும். வித்தியாசமாக இருக்கும் மழை, கூட்டம், எதிரொலி மட்டும் பின்னால் கேட்கும். கணக்கில் கழித்தல் சொல்லிக் கொடுத்தேனே, அதே கழித்தல்தான்! (பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிஃபயரில் இதைச் செய்யக் கூடாது. மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.)

பிறகு டி.வி.டி. வந்தது, 5.1 செட் சாதாரண வீட்டுக்கும் வந்தது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர். இடது, வலது ஸ்பீக்கர்கள் டி.வி.க்கு இரண்டு பக்கமும், சென்டர் டி.வி.க்கு அடியிலும் இருக்கட்டும். வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் வரும். காது மந்தமான பெரியவர்கள் வீட்டில் இருந்தால், காசை முதலில் அதற்குச் செலவழியுங்கள். பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் உட்காரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும்.

சப்ஊஃபர் பற்றித்தான் நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் எட்டரை மீட்டர். நம் ஹாலைவிடப் பெரியது. அதனால் அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, சுவரும் அதைத் தடுக்காது. கடைக்காரர் "எங்க வேணாலும் வைக்கலாம்" என்பார். உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

மற்ற ஊர்களில் அது வெறும் தொந்தரவு. வெம்பக்கோட்டை வட்டாரத்தில் 'டொம்' என்று கேட்டால் வாசலுக்கு ஓடி, எந்தப் பக்கம் புகை என்று பார்க்கிறோம். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நம் பகுதி மறக்காது. வேலைக்குப் போன பிள்ளை வீடு திரும்பும்வரை நெஞ்சில் கை வைத்திருக்கும் தாய்மார்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். படத்தில் வெடிக்கிற வெடி அவர்களுக்குப் படம் இல்லை.

ஆகவே சப்ஊஃபரை மூலையிலும், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரிலும் வைக்காதீர்கள். மூலையில் வைத்தால் அதிர்வு கூடும். ஆலை ஓடும் பகல் நேரத்தில் பேஸைக் குறையுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்துக்கு மேல் 45 டெசிபல்தான் எல்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் புளூம்லீன் பாடுபட்டார். அது யாரையும் பதறவைக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. குடும்பத்தோடு படம் பார்த்து மகிழுங்கள். எந்த ஸ்பீக்கரை எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.